ஒரு மதியம் நீளும், பல வருஷம் சுருங்கும்: காரைக்கால் அம்மையாரின் காலக்கணக்கு

காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதி. காலம் சுமார் 6-ஆம் நூற்றாண்டு. கணவர் பரமதத்தன், நாகப்பட்டினத்துக்காரர். அவர் கடையிலிருந்து அனுப்பிய ரெண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குக் கொடுத்துவிட்டார் புனிதவதி. மதியம் சாப்பிட உட்கார்ந்த கணவர் இன்னொன்றும் கேட்க, சிவனை வேண்டிப் பழம் பெற்றார் என்கிறது பெரியபுராணம். அதன் ருசியே காட்டிக்கொடுத்துவிட்டது. மிரண்டுபோன பரமதத்தன் வியாபாரம் என்று கப்பலேறி, பாண்டிய நாட்டில் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டார். பிறந்த பெண்ணுக்கு வைத்த பெயர் புனிதவதி!

விஷயம் தெரியாமல் காரைக்காலில் காத்திருந்தார் முதல் புனிதவதி. எத்தனை வருஷம்? சேக்கிழார் கணக்கு சொல்லவில்லை. மாம்பழ மதியத்தைப் பாட்டு பாட்டாக விவரித்தவர், காத்திருப்பைச் சில வரிகளில் கடந்துவிடுகிறார்.

நம் நினைவும் இப்படித்தான். காத்திருக்கும்போது கவனம் முழுக்க நேரத்தின் மேலேயே இருப்பதால் நிமிஷம் நகராது. பிறகு திரும்பிப் பார்த்தால், ஒரே மாதிரி நாட்களில் நினைவில் தங்க எதுவும் இல்லாததால் வருஷங்கள் சுருங்கிவிடும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-லேயே இதை எழுதியிருக்கிறார். ஆனால் சுருக்கமெல்லாம் கதை சொல்பவருக்குத்தான். வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தவருக்கு இல்லை.

கடைசியில் உறவினர்கள் அவரைக் கணவரிடம் அழைத்துப் போனார்கள். பரமதத்தன் புது மனைவி, மகளோடு காலில் விழுந்தார். அங்கேயே இளமையை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்றார் புனிதவதி.

அதன்பின் பாடியதாகச் சொல்லப்படும் அற்புதத் திருவந்தாதியில் 101 பாடல்கள். பிறந்து, பேசக் கற்ற பருவத்திலிருந்து நேராகச் சிவனிடம் போகிறார். நடுவில் கணவரும் இல்லை, மாம்பழமும் இல்லை.