பெரியாற்றைத் திருப்பிய பென்னி குவிக்

பண்பொழித் திருமலைக் குன்றின் மீது நின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒரு நெடுமதில் போலத் தோன்றும். கிழக்கே நோக்கின் நெல்வயல்களும் தென்னந்தோப்புக்களும் குளங்களும் விரிந்து கிடக்கும். ஆனி ஆடி மாதங்களில் மேல்காற்றுக் கொணரும் மேகம் அம்மதிலின் மேற்புறத்தே தன் சுமையைக் கொட்டித் தீர்க்கின்றது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தப்பி வரும் சிறு பகுதியே குற்றாலத்துச் சாரலாய் நம்மைக் குளிர்விக்கின்றது. இத்தகைய வாயில் வாய்க்காத இடங்களில், மலைக்கு மேற்கே ஆறுகள் பெருக்கெடுத்துக் கடலிற் கலக்க, மலைக்குக் கிழக்கே நிலம் நாவறண்டு கிடப்பது இயற்கை. அவ்வியற்கையை ஓரிடத்தில் மாற்றி, மேற்கு நோக்கி ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பிய பெருந்தகையாராகிய கர்னல் ஜான் பென்னி குவிக் அவர்களின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப்புகுகின்றோம்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படுகின்றது. மைசூர்த் திவானாக விளங்கிய ஸர் விசுவேசுவரய்யா அவர்கள் பிறந்த நாள் அது. சிற்றூர்களிலும் இக்காலத்தில் கட்டடப் பொறியாளர் சங்கங்கள் தோன்றியிருத்தலின், அந்நாளில் அவை கூடி விழா எடுப்பதுண்டு. ஆயினும் சங்கம் என்பது விழாவின் பொருட்டு மட்டும் அமைந்ததன்று. ஒருவர் கண்ட உண்மையையும் பட்ட இடரையும் மற்றவர் அறியுமாறு வைத்தலே தொழிற்சங்கத்தின் முதற் கடமை. அக்கடமையின் அருமையைப் பென்னி குவிக் அவர்களின் வாழ்க்கை நன்கு விளக்கும்.

அவர் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பூனா நகரிற் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1849ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் பஞ்சாபிலே சிலியன்வாலா என்னுமிடத்தில் நடந்த கடும் போரில் தந்தையாரும், பதினேழே வயதான தமையனாரும் ஒரே நாளில் மாண்டனர். தம் எட்டாம் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சிறுவர் தந்தையை இழந்தவரானார். பின்னர்ச் சீமையில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியிலும் கற்றுத் தேறிச் சென்னை இஞ்சினீயர் படையில் 1858இல் அமர்ந்தார்; 1860இல் இந்தியா வந்து சேர்ந்தார். 1868இல் அபிசீனியப் படையெடுப்பிலும் பணியாற்றினார். எனினும், அவர் பெயர் நிலைத்தது போர்க்களத்தினாலன்று. ஆற்றின் மடியிலே எழுப்பிய கல்லினாலும் சுண்ணாம்பினாலுமே.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் முதன்முதல் உதித்ததன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானியாயிருந்த முத்திருளப்ப பிள்ளை ஆட்களை மலைக்கு அனுப்பி ஆராயச் செய்தார். இயலும் என்று கண்டும், பொருள் இன்மையால் அம்முயற்சி நின்றது. 1808இல் ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல் துரை இது வெறுங் கனவு என்று கருதிக் கைவிட்டார். 1850இல் சிறியதோர் அணை தொடங்கப் பெற்று, மலைக் காய்ச்சலின் கொடுமையால் நிறுத்தப்பட்டது. 1867இல் மேஜர் ரைவ்ஸ் மண்ணணை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். அதன் பின் ஸ்மித் என்பார் அதனைத் திருத்தி வேறொரு முறை கூறினார். ஒவ்வொருவர் அளந்த அளவும் எழுதிய அறிக்கையும் அடுத்தவர்க்குப் படியாயின. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிற்று. அதன் பின்னர், வையை ஆற்றை நம்பி வாழும் மதுரைச் சீமைக்கு வேறு நீர் வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயம் இல்லையாயிற்று. 1882இல் இத்திட்டத்தைப் புதிதாய் வகுக்கும் பொறுப்பு பென்னி குவிக் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

முன்னோர் மண்ணணை கூறியிருக்க, அவர் கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டு, தன் எடையினாலேயே நீரின் உந்து விசையைத் தாங்கி நிற்கும் அணையை வகுத்தார். முன்புறமும் பின்புறமும் கற்கட்டு. நடுவயிறு முழுதும் சுண்ணாம்பும் சுர்க்கியும் மணலும் சரளைக் கல்லும் கலந்த காரை. சுர்க்கி என்பது சுட்ட களிமண்ணின் பொடி. அது சுண்ணாம்புடன் கூடும்போது நீருக்குள்ளும் இறுகும் இயல்புடையது. சீமையிலிருந்து சிமெண்டு கொணர்வதினும் இது செலவிற் சிறிது. நம் கொத்தர்கள் நெடுங்காலமாகக் கையாண்டதும் ஆகும்.

ஆற்றங்கரை திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு உரியது. ஆகவே 1886ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள், மூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், 8,000 ஏக்கர் நிலத்தை 999 ஆண்டுக் குத்தகைக்கு விடும் உடன்படிக்கை நிறைவேறிற்று. குத்தகைத் தொகை ஆண்டுக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய். நமது செங்கோட்டை வட்டாரமும் 1956 வரை அத்திருவிதாங்கூரைச் சேர்ந்ததே என்பதை இங்கு நினைவு கூர்தல் தகும். மலையின் இருபுறமும் உறவும் வழக்கும் பின்னிக் கிடத்தல் நமக்குப் புதிதன்று.

1887இல் வேலை தொடங்கிற்று. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், யானையும் புலியும் உலாவும் அடர்ந்த காடு, வழி இல்லை, ஊர் இல்லை. சுண்ணாம்பு முதலியன கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூர்ப் பக்கத்திலிருந்து கம்பிவட வழியாக மலைமேல் ஏற்றப்பட்டன. அங்கிருந்து ஆற்றில் படகு வழியே அணைக்குச் சென்றன. சென்னைப் பயனியர்ப் படை வீரரும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சரும், சமவெளியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான கூலியாட்களும் உழைத்தனர்.

இப்பணியின் உயிர்நிலையான இடர் ஒன்று உண்டு. அணையின் அடித்தளத்தை இடவேண்டுமாயின் ஆற்றை முதலில் ஒதுக்கவேண்டும். மரமும் கல்லும் மண்ணும் கொண்டு இடைக்கால அணைகளைக் கட்டி நீரை ஒருபுறம் விலக்குவர். மழை பிறந்ததும் வெள்ளம் சீறி வந்து அவற்றை அடித்துக்கொண்டு போகும். மீண்டும் கட்டுவர், மீண்டும் வெள்ளம் கொள்ளும். பல மாத உழைப்பு ஓரிரவில் மறைவதைக் கண்ணாற் கண்டு, காலையில் எழுந்து அதே இடத்தில் முதற் கல்லை எடுத்து வைப்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்! வெள்ளத்தினும் கொடியதாயிருந்தது மலைக் காய்ச்சல். நோயினால் மாண்டோர் 483 பேர் என்பர். அணையின் அருகே உள்ள இடுகாட்டில் அவர்கள் உறங்குகின்றனர். இவர்களுட் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். பென்னி குவிக் புகழைப் பேசும்போதெல்லாம் இவர்களையும் நினைத்தல் நம் கடன்.

அணை எழும்பும்போதே மலையைக் குடையும் வேலையும் நடந்தது. ஏறத்தாழ 5,700 அடி நீளமுள்ள சுரங்கம் கருங்கற் பாறையினூடே வெட்டப்பட்டது. அணையினால் தேங்கிய நீர் இச்சுரங்கத்தின் வழியே மலையின் கீழ்ப்புறம் புகுந்து, சுருளியாற்றோடு கூடி, வையையை அடைகின்றது. பேரணை என்னும் இடத்திலிருந்து கால்வாய் பிரிந்து மேலூர்ப் பக்கத்து வயல்கள் வரை செல்கின்றது. அணை அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமும், ஏறத்தாழ 1,200 அடி நீளமும் உடையது. 1895ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு இதனைத் திறந்து வைத்தார். அவ்வாண்டிலேயே பென்னி குவிக் அவர்களுக்கு ஸி. எஸ். ஐ. என்னும் விருது அளிக்கப்பட்டது.

ஈண்டு ஒரு செய்தியை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும். அரசாங்கம் பணம் தர மறுத்தமையால் அவர் தம் மனைவியாரின் நகைகளையும் சீமையில் உள்ள சொத்தையும் விற்று அணையை முடித்தார் என்னும் கதை கம்பம், தேனிப் பக்கத்தில் வீடுதோறும் வழங்குகின்றது. நன்றி மிக்க மக்களின் நெஞ்சில் பிறந்த கதை அது. ஆதலின் இகழத் தக்கதன்று. ஆயினும் அதனை மெய்ப்பிக்கும் ஆவணம் வெளிப்படவில்லை. அணை சென்னை அரசாங்கத்தின் பொருளாலேயே முடிந்தது. அவர் பெருமைக்கு இக்கதை இன்றியமையாததும் அன்று. நகையை விற்பது ஒரு நாட் செயல். எட்டு ஆண்டுக் காலம் வெள்ளத்தோடும் நோயோடும் மேலதிகாரிகளின் ஐயத்தோடும் போராடியது அதனினும் அரிய கொடை அன்றோ?

அவர் செய்த மற்றொரு நற்செயல் பலரால் அறியப்படாதது. 1818இல் இலண்டனில் தோன்றிய சிவில் இஞ்சினீயர்கள் சங்கம் உலகத்துப் பழமையான பொறியாளர் சங்கங்களுள் ஒன்று. பணி முடித்தவர் தம் அனுபவத்தைக் கட்டுரையாக எழுதி உறுப்பினர் முன் வைப்பதும், மற்றவர் வினாவியும் மறுத்தும் ஆராய்வதும், பின் அதனை அச்சிடுவதும் அச்சங்கத்தின் வழக்கம். 1897இல் பென்னி குவிக் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றை அச்சங்கத்திற்கு எழுதி அளித்தார். வென்றவர் தம் வெற்றியை விருந்தில் பேசுதல் எளிது. அளவும் கணக்கும் காட்டித் தொழில் வல்லார் முன் நிற்றல் எளிதன்று. அவருடன் பணியாற்றிய மக்கன்ஸி என்பாரும் இத்திட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதி 1899இல் சென்னையில் வெளியிட்டார்.

1896 முதல் 1899 வரை பென்னி குவிக் இந்தியப் பணிக்கு இஞ்சினீயர்களைப் பயிற்றும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராயிருந்தார். காட்டிலே தாம் கற்றதை மாணவர்க்கு வழங்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டிற்று. 1899இல் ஆஸ்திரேலியா சென்று பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிக்கும் வழி பற்றி அறிக்கை அளித்தார். 1911ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் இங்கிலாந்தில் காம்பர்லி என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின், 1979 முதல் அணையின் வலிமை பற்றி ஐயம் எழுந்தது. மேலே காங்கிரீட்டுச் சுமை ஏற்றியும், எஃகு வடங்களைப் பாறையில் ஊன்றியும், பின்புறம் காங்கிரீட்டு அணைப்புச் சுவர் எழுப்பியும் பொறியாளர்கள் அதனை வலுப்படுத்தினர். கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எழுந்த வழக்கில், 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புக் கூறிற்று. அணைக்குக் கீழே வாழும் மக்களின் அச்சமும், மலைக்குக் கிழக்கே பயிரிடுவோரின் தேவையும் இரண்டும் மெய்யே. அவ்விரண்டிற்கும் இடையே வழி காணப் புகுவோர்க்கு, அணை எவ்வாறு எழுந்தது என்பதை எழுதி வைத்துச் சென்ற முன்னோரின் ஏடுகளே முதற் சான்று. எழுதாமல் விட்ட அனுபவம் எழுதியவனோடு புதைந்து போகும்; சங்கத்தின் முன் வைத்த அனுபவம் நூறாண்டு கழித்தும் துணை நிற்கும்.

கூடலூரை அடுத்த லோயர்காம்பில் 2013ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த நாள் தைப் பொங்கலை ஒட்டி வருதலின், கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அந்நாளில் அவருக்கும் பொங்கலிடுகின்றனர். வேற்று நாட்டார் ஒருவர் உழவர் வீட்டுப் பொங்கற் பானையில் இடம் பெறுவது எத்துணை அரிய பேறு!

மாணவ நண்பர்களே! நம்முள் பொறியியல் கற்கச் செல்வோர் பலர் இருப்பர். பண்பொழிக்கு மேற்கே மேக்கரையில் நிற்கும் அடவிநயினார் அணையைக் காணும்போதும், நம் வயலுக்கு நீர் பாயும் சிறு மடையைக் காணும்போதும், அதன் பின்னே அளந்தவர், வகுத்தவர், கல் சுமந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நாளை உங்கள் ஊர்ச் சங்கத்தில் நீங்களும் உறுப்பினராகும்போது, எழுந்து நின்ற கட்டடத்தைப் பற்றி மட்டுமன்றி, அடித்துச் சென்ற இடைக்கால அணையைப் பற்றியும் கூசாது பேசுங்கள். பென்னி குவிக் அவர்களுக்கு நாம் செலுத்தத் தக்க வணக்கம் அதனினும் வேறில்லை.