68 வயதை நெருங்கியபோது கேன்சர் ஆஸ்பத்திரி திறந்தவர்... யார் இந்த புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி?

கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி தரும் அரசுத் திட்டம் நம்ம எல்லோருக்கும் தெரியும். அதில் 4,000 ரூபாய் ஊட்டச்சத்து பெட்டகமாக வருது. சத்துமாவு, நெய், பேரீச்சை, இரும்புச்சத்து டானிக், புரத பிஸ்கட் எல்லாம் அதில் இருக்கும். அந்தத் திட்டத்தின் பெயரில் இருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி யார்?

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். பெண் பிள்ளைக்குக் கல்யாணம்தான் முக்கியம், படிப்பு எதுக்கு என்ற காலம் அது. ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஆதரவு தந்ததால் இடம் கிடைத்தது.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டர் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். சம உரிமையோடு நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதற்கும் சம்மதித்தார்.

சட்டசபையில் என்ன செய்தார்?

1926-ல் சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த வருஷமே துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியை ராஜினாமா செய்தார். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் முழுசா வந்தது 1947-ல்தான்.

தங்கையின் மரணம்

இதுக்கு நடுவில் மனசில் ஆறாத ஒரு காயம் இருந்தது. தங்கையைக் கேன்சருக்குப் பறிகொடுத்திருந்தார். டாக்டரான அக்காவாலேயே காப்பாத்த முடியல. கேன்சருக்கு என்று தனி ஆஸ்பத்திரி வேணும் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அப்போ முத்துலட்சுமிக்கு 68 வயசு நெருங்கிக்கிட்டிருந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதைப் பெரிதாக வளர்த்தார்கள். 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல், 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார்.

நம்ம வீட்டு 68 வயசு அம்மாவுக்கு?

அந்த வயசில் அவர் ஆஸ்பத்திரி கட்டினார். நம்ம வீடுகளில் அதே வயசு அம்மாக்கள் பலர் ரெண்டு கவளம் ரசம் சோற்றோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார்கள். வயசானால் சாப்பாடு குறையலாம், புரதம் குறையக்கூடாது. வயசாக ஆக, சாப்பிடும் புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் குறையுது. தசை கரைந்தால் நடை தளரும், விழுந்தால் எலும்பு முறியும்.

பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு தினமும் 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் பரிந்துரை. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று நிபுணர் குழுக்கள் சொல்கின்றன. அதாவது 50 கிலோ எடையுள்ள பாட்டிக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 30 கிராம் வேர்க்கடலையில் சுமார் 7 கிராம் கிடைக்கும்.

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அதில் 9 வகையை உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில்தான் வரணும். அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கு. அதனால சோறும் பருப்பும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். ஆலங்குடி பக்கத்துக் கடலை, கோட்டைப்பட்டினத்து மீன், வீட்டுத் தயிர் என்று புதுக்கோட்டைக்காரர்களுக்கு வழி கையிலேயே இருக்கு. ஒரே வேளையில் குவிக்காமல் மூணு வேளைக்கும் பிரித்துக் கொடுங்க. சிறுநீரகப் பிரச்னை இருந்தால் மட்டும் முதலில் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிக்குப் போகும் பெட்டகத்தில் முத்துலட்சுமியின் பெயர் இருக்கு. அதே கவனம் அந்த வீட்டுப் பாட்டியின் தட்டுக்கும் வேணும்.