மெயிலுக்கு வழி வகுத்த ஜான் போஸ்டல்

லேப்டாப்பில் இருந்து மெயில் போகிறது, ஸ்கேனரில் இருந்தும் கேமரா பெட்டியில் இருந்தும் போவதில்லை என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். பதில் ஜான் போஸ்டல் என்பவரின் வாழ்க்கையில் இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான்.

1943 ஆகஸ்ட் 6 அன்று கலிபோர்னியாவில் பிறந்தவர். நீண்ட தாடி, காலில் செருப்பு. 1969-இல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் தொடங்கியபோது, பல்கலைக்கழக மாணவர். அதன் விதி ஆவணங்களைச் சரிபார்த்து வெளியிடும் பொறுப்பைச் சாகும்வரை ஏறத்தாழ 30 ஆண்டு சுமந்தார். எந்தச் சேவைக்கு எந்த எண் என்ற பட்டியலும் அவர் கையில்தான். வங்கியில் லெட்ஜர் எழுதியவன் என்பதால் அந்த உழைப்பின் அருமை எனக்குப் புரிகிறது.

அந்த எண்ணை 'போர்ட்' என்பார்கள். தூத்துக்குடிக்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? துறைமுகம் ஒன்று, சரக்கு தளங்கள் பல. நிலக்கரிக்கு ஒன்று, கன்டெய்னருக்கு ஒன்று. அதுபோல மெயிலுக்கு 25.

மெயில் அனுப்பும் எஸ்.எம்.டி.பி. முறையை 1982 ஆகஸ்டில் போஸ்டல் எழுதினார். அன்று வலையில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர். அதனால் அதில் பாஸ்வேர்டு இல்லை. கேட்டவருக்கெல்லாம் கணினி மெயிலை வாங்கி அனுப்பியது. பின்னால் குப்பை மெயில்காரர்கள் புகுந்துகொண்டார்கள்.

1998 ஜனவரியில் இணைய முகவரிகளின் மூலக் கணினிகளை நடத்திய பன்னிரண்டு பேரில் எட்டு பேருக்கு அவர் ஒரு மெயில் அனுப்பினார். அவர்கள் அப்படியே அவர் பக்கம் மாறினார்கள். அமெரிக்க அரசு அதிர்ந்துபோய்த் திரும்ப மாற்றச் சொன்னது, மாற்றினார். அதிகாரம் என்று எழுத்தில் பெரிதாக எதுவும் இல்லாத மனிதர், நம்பிக்கை மட்டும்தான். அக்டோபர் 16-இல், இருதய அறுவைக்குப் பின், 55 வயதில் இறந்தார்.

இரண்டு மாதம் கழித்து, டிசம்பரில், நாம் மெயிலை ஒப்படைப்பதற்கென்றே 587 என்ற தனி எண்ணுக்கு விதி வந்தது. பல இணைய நிறுவனங்கள் இன்று வீட்டு இணைப்பில் 25-ஐ அடைத்து வைக்கின்றன. உங்கள் ஸ்கேனரில் பழைய 25 இருந்தால் 587 என்று மாற்றி, பாஸ்வேர்டு கொடுங்கள். ஜிமெயில் என்றால் வழக்கமான பாஸ்வேர்டு செல்லாது. இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி, 'ஆப் பாஸ்வேர்டு' தனியாக எடுக்க வேண்டும்.

கருவிகள் நிறைய இருந்தால் ஒரு கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் போட்டு, மற்றவை அதனிடம் மெயிலைக் கொடுக்கும்படி வையுங்கள். பாஸ்வேர்டு அது ஒன்றில் இருந்தால் போதும். ஆனால் வீட்டுக்குள் இருந்து வருவதை மட்டுமே அது வாங்கவேண்டும். கதவைத் திறந்து போட்டால், 1982-இன் நிலைமைதான் உங்கள் வீட்டில்.