ஒரே ஒரு வயலினுக்காக

நம் கச்சேரிகளில் வயலினுக்குத் துணையாக மிருதங்கமும் தம்புராவும் இருக்கும். மேற்கத்திய இசையிலும் பெரும்பாலும் பியானோவோ ஆர்க்கெஸ்ட்ராவோ கூட வரும். எந்தத் துணையும் இல்லாமல் தனி வயலினுக்கு என்றே இசை எழுதுவது மிகக் கடினம். நோயோடு போராடிய நாட்களில் அதைச் செய்து முடித்த பேலா பார்டோக் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

பார்டோக் 1881-ல் அன்றைய ஹங்கேரியில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். ஆசிரியையான தாயார்தான் அவருக்கு முதலில் பியானோ சொல்லிக்கொடுத்தார். பெரியவரானதும் ஃபோனோகிராஃப் கருவியோடு கிராமம் கிராமமாகப் போய், விவசாயக் குடும்பங்கள் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளைச் சேகரித்தார். அந்தப் பாட்டுகளின் தாளமும் சுரங்களும்தான் அவருடைய இசைக்கு அடித்தளம்.

நாஜிகளின் கை ஓங்கியபோது நாட்டை விட்டுப் போக விரும்பினார். வயதான தாயாரை விட்டுப் போக மனம் வரவில்லை. 1939 கடைசியில் தாயார் காலமானார். அடுத்த ஆண்டு மனைவியுடன் அமெரிக்கா சென்றார். அங்கே வருமானம் குறைவு. உடம்பும் மோசமானது, அது ரத்தப் புற்றுநோய் என்று பிறகுதான் தெரிந்தது. இசைப் படைப்பாளிகளின் சங்கம் ஒன்று, அவர் தன் உறுப்பினராக இல்லாதபோதும், மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது.

1943 நவம்பரில், 27 வயது வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் அவரைச் சந்தித்தார். பின்னாளில் நம் ரவிசங்கருடன் சேர்ந்து வாசித்தவர் இவர்தான். தமக்காக ஒரு படைப்பு எழுதித் தரும்படி பார்டோக்கிடம் கேட்டார். சிறியதாக ஏதாவது கிடைத்தாலே போதும் என்றுதான் நினைத்திருப்பார். ஆனால் பார்டோக், வட கரோலினாவின் ஆஷ்வில் ஊரில் ஓய்வில் இருந்தபடியே, 1944 மார்ச்சில் நான்கு பகுதிகள் கொண்ட முழு சொனாட்டாவை முடித்துவிட்டார்.

அதில் ஒரே வயலின் பல குரல்களில் பேச வேண்டும். ஒரு குரல் தொடங்கிய மெட்டை இன்னொரு குரல் துரத்திப் பிடிக்கும். பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் கால் சுரங்களையும் கடைசிப் பகுதியில் எழுதியிருந்தார். முதலில் பார்த்தபோது, இதை வாசிக்கவே முடியாதோ என்று மெனுஹினுக்கே தோன்றியதாம்.

பார்டோக் பியானோ கலைஞர். வயலின் வாசிப்பவர் அல்ல. உலகப் புகழ் பெற்றவராக இருந்தும், எந்த இடம் விரலுக்கு வராது என்று சொல்லும்படி தம்மைவிட 35 வயது இளையவரான மெனுஹினிடமே கேட்டார்.

1944 நவம்பர் 26 அன்று நியூயார்க்கின் கார்னகி ஹாலில் மெனுஹின் அதை முதன்முறையாக வாசித்தார். பார்டோக் நேரில் கேட்டார். பத்தே மாதங்களில், 1945 செப்டம்பர் 26-ல், தம் 64-வது வயதில் மறைந்தார்.

முடியாமல் இருக்கும் பெரியவர்களிடம் நாம் உடம்பைப் பற்றி மட்டும்தான் விசாரிக்கிறோம். அவர்களுக்குத் தெரிந்த வேலையில் ஒன்றைச் செய்து தரும்படி மெனுஹினைப் போல நாமும் கேட்டுப் பார்க்கலாம்.