ஒரே ஒரு லோகோ மட்டும்

டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு லோகோ வேணும்னா நாம என்ன பண்ணுவோம்? ஆறு டிசைன் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஓட்டெடுப்பு வைப்போம். இதுக்கு நேர் எதிரா வேலை செய்தவர் பால் ராண்ட். ஐபிஎம், யூபிஎஸ், ஏபிசி டிவி என்று பெரிய பெரிய கம்பெனிகளுக்கு லோகோ போட்ட அமெரிக்க டிசைனர்.

1914-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா மளிகைக் கடைக்காரர். கடைக்குப் போர்டு எழுதித் தந்தது பையன்தான். ஆனா படம் வரைஞ்சு பிழைக்க முடியாது என்பது அப்பாவின் கட்சி. (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) அதனால் பகலில் சாதாரண ஹைஸ்கூல், ராத்திரியில் பிராட் இன்ஸ்டிட்யூட்டில் ஓவிய வகுப்பு. ஆனா கிளாஸில் கற்றதைவிட, ஐரோப்பாவிலிருந்து வந்த டிசைன் பத்திரிகைகளைப் புரட்டிக் கற்றதுதான் அதிகம்.

வீட்டில் வைத்த பெயர் பெரெட்ஸ் ரோசன்பாம். அன்றைய விளம்பர உலகில் யூதப் பெயரோடு வேலை தேடுவது கஷ்டம். அதனால் பால் ராண்ட் ஆனார். ஆங்கிலத்தில் எழுதினால் நாலு எழுத்து, நாலு எழுத்து. அவர் உருவாக்கிய முதல் பிராண்ட் அவர் பெயர்தான் என்று சொல்வார்கள். கேட்க நல்லா இருக்கு. ஆனா வேலைக்காக ஒருத்தர் தன் பெயரையே விட்டுக்கொடுத்த கதையும் இதுதான்.

1938 முதல் டைரக்‌ஷன் என்ற பத்திரிகைக்கு அட்டைப்படம் செய்தார். காசு வாங்கலை. பதிலுக்கு டிசைனில் யாரும் தலையிடக் கூடாது என்பதுதான் டீல். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்தார். 1956-ல் ஐபிஎம் லோகோ. இன்றைக்கு நாம் பார்க்கும் எட்டுக் கோடு வடிவம் 1972-ல் வந்தது. ஐம்பது வருஷம் தாண்டியும் அது மாறவே இல்லை.

1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் புதுக் கம்பெனி நெக்ஸ்ட்டுக்கு லோகோ கேட்டு வந்தார். சில ஆப்ஷன் காட்ட முடியுமா என்று கேட்டதுக்கு, ராண்ட் முடியாது என்றுவிட்டார். பிரச்சினையைத் தீர்த்துத் தருவது என் வேலை, பயன்படுத்துவதும் விடுவதும் உங்க இஷ்டம், ஆனா காசு கொடுத்தாகணும் என்பது அவர் நிலை. ஃபீஸ் ஒரு லட்சம் டாலர். கொடுத்தது 28 டிகிரி சாய்ந்த ஒரே ஒரு க்யூப், கூடவே அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்று படிப்படியாக விளக்கும் ஒரு புத்தகம். ஜாப்ஸுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

இவ்வளவு பிடிவாதக்காரர், லோகோவின் சக்தியைப் பற்றி மட்டும் அடக்கமாகத்தான் பேசினார். லோகோ பொருளை விற்காது, யாருடையது என்று அடையாளம் மட்டும் காட்டும், அதுக்கு அர்த்தம் தருவது அந்தக் கம்பெனியின் தரம்தான் என்றார்.

அதை நிரூபித்தது அவருடைய கடைசி லோகோக்களில் ஒன்று. என்ரான் கம்பெனிக்காகச் சாய்வான ஓர் 'ஈ' வரைந்தார். 1996 நவம்பரில் ராண்ட் இறந்துபோனார். 2001 டிசம்பரில், கணக்கு மோசடி வெளியாகி என்ரான் திவாலானது. ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு வேலையும் போச்சு, சேமிப்பும் போச்சு. அதுக்கப்புறம் அந்த லோகோவைக் கோணல் ஈ என்று கேலி செய்தார்கள். ராண்ட் போட்ட கோடு ஒண்ணுகூட மாறலை. அர்த்தத்தை மாற்றியது கம்பெனி செய்த வேலை.