ஊரைப் பாடமாக்கிய பேராசிரியர்

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் 1864ஆம் ஆண்டு பிறந்தவர் கில்பர்ட் சிலேட்டர். ஊர்ப் பொதுநிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையானபோது, அவற்றை நம்பி வாழ்ந்த எளிய உழவர் அடைந்த இழப்பை ஆராய்ந்து 1907இல் நூலாக வெளியிட்டார். ஆக்ஸ்போர்டில் உழைக்கும் மக்களுக்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக விளங்கிய அவர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

பொருளியல் பயில்வோர் பாடநூலோடு தம் ஊரையும் கற்க வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. நிலம் யாருடையது, உழுபவர் யார், குத்தகை எவ்வளவு, கடன் எவ்வளவு, கூலி எவ்வளவு என்னும் வினாக்களைத் தொகுத்து, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர்களிடம் அளித்தார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றி அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் அவரது பதிப்பில் நூலாயின.

அரசின் நிலவரிக் கணக்கு பட்டாதாரரின் பெயரைக் குறித்தது. அந்நிலத்தில் உழைத்த படியாளின் பெயரைக் குறிக்கவில்லை. கணக்கில் இடம்பெறாத அம்மக்களின் கூலியும் கடனும் இவ்வாய்வில் இடம்பெற்றன.

சிலேட்டர் 1938இல் மறைந்தார். பின்வந்த அறிஞர்கள் அவ்வூர்களுக்கே மீண்டும் சென்று, நிலமும் உழைப்பும் அடைந்த மாற்றங்களை ஆராய்ந்தனர். மாற்றத்தை அளக்க அவர்களுக்கு அடிப்படையாக அமைந்தவை, தம் ஊரைக் கூர்ந்து நோக்கிய மாணவர்கள் எழுதிய குறிப்புகளே.