சலீம் அலியும் தூக்கணாங்குருவிகளும்

1930ஆம் ஆண்டு. ஜெர்மனியில் பறவையியல் பயின்றுவிட்டுப் பம்பாய் திரும்பிய 33 வயது சலீம் அலிக்கு ஏமாற்றமே காத்திருந்தது. அருங்காட்சியகத்தில் அவர் பார்த்து வந்த விளக்கவுரையாளர் வேலை இல்லாமற் போயிருந்தது. பணப் பற்றாக்குறையால் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். வேறு இடங்களிலும் கதவு திறக்கவில்லை. அரசு விலங்கியல் துறையில் பறவையியல் பணிக்கு முன்பே முயன்று பார்த்திருந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் அது கிடைக்கவில்லை. வேலையற்ற அந்த நாட்களில்தான், கடலோரச் சிற்றூர் ஒன்றில், வீட்டுப் பக்கத்து மரமொன்று அவருக்கு ஆய்வுக்கூடமாக அமைந்தது.

சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில் (இன்றைய மும்பையில்) பிறந்தார். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி அவர். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். பிள்ளை இல்லாத தாய்மாமா அமிருதீனும் அவர் மனைவி ஹமிதா பேகமும் அவரை வளர்த்தனர். மாமா வேட்டைப் பிரியர். ஆகவே, சிறுவனின் கைக்கு ஒரு விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அந்தத் துப்பாக்கியால் சலீம் அலி முதலில் சுட்டவை, வீட்டைச் சுற்றி வாழ்ந்த சிட்டுக்குருவிகளைத்தான். சுமார் 10 வயதில் அவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. வீட்டுக் குதிரை லாயத்தில் இருந்த ஓட்டைக்குள் பெண் குருவி ஒன்று முட்டையிட்டிருந்தது. ஓட்டையின் அருகே ஓர் ஆணியின்மேல் ஆண் குருவி அமர்ந்து காவல் காத்தது. வண்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுவன் அந்த ஆண் குருவியைச் சுட்டான். சிறிது நேரத்தில் வேறோர் ஆண் குருவி வந்து அதே ஆணியில் உட்கார்ந்தது. அதுவும் வீழ்ந்தது. இப்படியே 7 நாட்களில் 8 ஆண் குருவிகள் மாண்டன. ஒவ்வொரு முறையும் பெண் குருவிக்குப் புதிய துணை வந்து சேர்ந்தது.

இதைப் படிக்கும் நமக்கு மனம் பதறுகிறது. அக்காலத்தில் பறவைகளைச் சுடுவது தவறாகக் கருதப்படவில்லை. அறிஞர்களும் சுட்டுத்தான் ஆராய்ந்தனர். எனினும், அந்தச் சிறுவனிடம் இன்னொரு குணமும் இருந்தது. சுட்டதோடு நில்லாமல், தான் கண்டதை நாள் கணக்கோடு எழுதி வைத்தான். ஒரு நாள், சுட்டு விழுந்த குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறப் புள்ளி இருப்பதைக் கண்டு மாமாவிடம் காட்டினான். அவருக்கும் அது என்ன பறவை என்று தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் போய்க் கேட்கச் சொன்னார். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். கழகத்தில் சேர்த்து வைத்திருந்த பாடம் செய்த பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். சலீம் அலியின் வாழ்வு திரும்பியது அங்கேதான்.

இனி, 1930க்கு வருவோம். வேலை போனதும் சலீம் அலியும் அவர் மனைவி தெமினாவும் கிஹிம் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பம்பாய்த் துறைமுகத்திற்கு அக்கரையில் உள்ள கடலோரச் சிற்றூர் அது. அங்கே அவர்கள் வீட்டருகே நின்ற மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின.

தூக்கணாங்குருவியின் கூட்டை அறியாதவர் குறைவு. இந்தியாவில் மட்டுமன்றி, மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும்கூட இப்பறவை வாழ்கிறது. மரக்கிளையிலும் தென்னை ஓலையிலும் சுரைக்குடுவைபோல் அதன் கூடு தொங்கும். கூட்டினுள் பூசிய சேற்றில் மின்மினிப் பூச்சியை ஒட்டி அது விளக்கேற்றும் என்பார்கள் பெரியவர்கள். சேறு பூசுவது உண்மை, விளக்குதான் கதை. ஆனால், ஒரே மரத்தில் முழுமையான கூடுகளோடு அரைகுறைக் கூடுகளும் தொங்குவது ஏன்? ஆண் பறவை ஓய்வெடுப்பதற்காக அவற்றைக் கட்டுகிறது என்று சிலர் எண்ணினர்.

சலீம் அலி மரத்தருகே உயரமான ஓர் ஏணியை நிறுத்தினார். அதைச் சுற்றிக் கித்தான் துணியால் மறைப்பு அமைத்து, கூடுகளின் உயரத்திற்கே ஏறி உட்கார்ந்துகொண்டார். நாள்தோறும் பல மணி நேரம் பார்த்தார். பார்த்ததை எல்லாம் எழுதினார். இம்முறை அவர் கையில் துப்பாக்கி இல்லை.

கூடு கட்டுவது ஆண் பறவை. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் மார்பும் மஞ்சள் நிறம் பெறும். புல்லையும் நெல் இலையையும் நீள நீளமாகக் கிழித்து வந்து பின்னும். தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல் கூடு பாதி உருவானதும் வேலையை நிறுத்திவிடும். அப்போது பெண் பறவைகள் கூட்டமாக வந்து சேரும். ஆண்கள் தத்தம் கூட்டில் தொங்கியபடி சிறகடித்து அவற்றை அழைக்கும். பெண் பறவை உள்ளே நுழைந்து கூட்டைச் சோதித்துப் பார்க்கும். பிடித்தால் தங்கிவிடும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். எந்தப் பெண்ணும் ஏற்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். பெண் ஏற்றுக்கொண்ட பிறகுதான், ஆண் பறவை முட்டையிடும் அறையையும் நீண்ட நுழைவாயிலையும் கட்டி முடிக்கும்.

அதன் பிறகு நடந்ததுதான் சலீம் அலியை வியக்க வைத்தது. முதல் பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், அதே ஆண் சற்றுத் தள்ளி இரண்டாவது கூட்டைக் கட்டத் தொடங்கியது. அதற்கும் ஒரு பெண் வந்தது. இவ்வாறு ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பெண்களுடன் குடும்பம் நடத்துவதை அவர் கண்டறிந்தார். எத்தனையோ பேர் அன்றாடம் பார்த்துக் கடந்த பறவைதான் அது. இருந்தும், இந்த வாழ்க்கை முறை அதுவரை விளங்காமலே இருந்தது. 1931இல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான அவருடைய கட்டுரை, பறவை அறிஞர்களிடையே அவருக்குப் பெயர் பெற்றுத் தந்தது.

பின்னர் அவர் ஹைதராபாத், திருவிதாங்கூர் முதலிய பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தார். பயணங்களில் உறுதுணையாக இருந்த தெமினா 1939இல் மறைந்தது அவருக்குப் பேரிழப்பு. 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூல், சாதாரண மக்களையும் பறவைகளைப் பெயர் சொல்லி அறியச் செய்தது. ரிப்ளியுடன் இணைந்து 10 தொகுதிகள் கொண்ட பறவைக் கையேட்டையும் உருவாக்கினார். இந்திய அரசு 1976இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. 1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், 90ஆம் வயதில், மும்பையில் காலமானார்.

மறைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தன்வரலாறு வெளிவந்தது. குதிரை லாயத்துக் குருவிகளைப் பற்றிய அந்தச் சிறு வயதுக் குறிப்பை அவர் அதில் மறைக்காமல் சேர்த்திருந்தார். நூலுக்கு அவர் இட்ட ஆங்கிலத் தலைப்பின் பொருள், ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்பதாகும்.